முயல்மலையில் கடல்

காலை பதினொன்றே கால். முயல்மலை அடிவாரத்தில் நாற்பது பேர் வட்டம் கட்டி நிற்க, நடுவில் மண்டியிட்டுப் பாறையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் கல்லூரி நிலவியல் பேராசிரியர் ஜனகராஜ்.

பாறையில் ஒரு சுருள். உள்ளங்கை அகலம், நத்தை வடிவம். ஊர்க்காரர்கள் அதற்குள் குங்குமம் வைத்து, முழம் பூவும் சாத்திவிட்டார்கள்.

"அம்மோனைட்," என்றார் ஜனகராஜ். "கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல்ல இருந்த உயிர். இப்ப உலகத்துலயே கிடையாது."

"அப்ப இங்க கடல் இருந்துச்சா சார்?" தாசில்தார் கேட்டார்.

"அதைத்தான் ஆராயணும்."

கூட வந்திருந்த வசுந்தராவுக்கு எரிச்சலாக இருந்தது. அவரும் அதே நிலவியல் துறையில் பாடம் எடுப்பவர். எந்த வகை அம்மோனைட் கிடக்கிறது என்று பார்த்தால், அந்தக் கடலடிப் பாறை அடுக்கின் வயதைச் சொல்லிவிடலாம். அரியலூர்ப் பக்கம் போனால் அப்படி எத்தனையோ. இந்த முயல்மலையோ பூமியின் ஆழத்தில் கிடந்து வெந்த பாறை. இதில் நத்தை தேடுவது, கொதிக்கிற இட்லிச் சட்டிக்குள் ஐஸ்கட்டி தேடுகிற வேலை.

போதாக்குறைக்கு, சுருளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. அதில் யாருடைய கட்டைவிரலோ பதிந்திருந்தது.

கல்லை முதலில் 'கண்டுபிடித்தவர்' உள்ளூர் மருது. அரியலூரிலிருந்து சிமென்ட் லாரி ஓட்டுகிறவர்.

"நீங்க எப்படிப் பாத்தீங்க?" வசுந்தரா கேட்டார்.

"ஆடு மேய்க்க வந்தேன் மேடம்."

"ஆடு இருக்கா உங்ககிட்ட?"

மருது கொஞ்சம் யோசித்தார். "வாங்கணும்."

வசுந்தரா குனிந்து, யாருக்கும் புரியாதபடி தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஜனகராஜிடம் கிசுகிசுத்தார்: "சார், இது சிமென்ட்."

ஜனகராஜ் நிமிர்ந்து, ஊருக்கே கேட்கும்படி தமிழில் சொன்னார்: "மேடமும் அதையேதான் சொல்றாங்க. ரொம்ப விரிவா ஆராயணுமாம்."

குவாரிக்காரர் முன்னால் வந்தார். மலையை உடைக்க உரிமம் வாங்கியவர். மலை போனால், அதிலிருந்து இறங்கும் ஓடையும் போகும். ஓடை போனால், ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கிடையாது.

"எம்புட்டு நாள் ஆகும் சார்? முதல் வெடிக்குக் கெடு ஓடுது."

"அதை இப்ப எப்படிச் சொல்ல முடியும்?"

ஆய்வு முடியும்வரை வெடி வைக்கக் கூடாது என்றார் தாசில்தார். அன்று மாலையே டிவியில் ஜனகராஜ் வந்தார். மறுநாளும் வந்தார். சனிக்கிழமை தவறாமல் டேப்போடு மலைக்குப் போய் எதையோ அளந்தார். மதியம் மருது வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டார்.

மற்ற ஊர் நிலவியல்காரர்கள் போன் போட்டுச் சிரித்தார்கள். திருச்சி மாநாட்டில் அவர் பேசுவதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பில் பையன்கள் வைத்த பெயர், 'நத்தை சார்'.

ஒருநாள் துறை அறையில் வசுந்தராவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு நிமிஷ வேலை சார். சுத்தியலால ஒரு தட்டு தட்டினா கையோட வந்துடும்."

"சுத்தியலை எங்கயோ வச்சிட்டேன் மேடம்."

"அந்தக் கல்லை வச்சவனுங்களுக்குத்தான் அறிவில்ல. வெந்த பாறையில இல்லாம, ஏதாவது கிணத்துக் களிமண்ல வச்சிருந்தாக்கூட ஒருநாள் யோசிக்கலாம். முப்பது வருஷம் பாடம் எடுத்தவர் நீங்க."

"ஆமா."

"டிவியில மூஞ்சி தெரியணும்னு படிச்ச படிப்பையெல்லாம் கொண்டுபோய் வைகையில கரைச்சிட்டீங்க. பசங்க முன்னாடி எனக்குத்தான் கூச்சமா இருக்கு."

"நேத்துப் பேட்டி பாத்தீங்களா? அந்த நீலச் சட்டை எனக்கு எடுப்பா இருந்துச்சா?"

வசுந்தரா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

2025 ஜூன் 30-ம் தேதி, விதித்த கெடுவுக்குள் முதல் வெடி வைக்காததால் முயல்மலை குவாரி உரிமம் ரத்தானது. ஜூலை 1-ம் தேதி காலை, அந்த மலையில் எந்தக் காலத்திலும் கடல் இருந்ததில்லை என்று ஜனகராஜ் அறிக்கை கொடுத்தார்.