நாளைக்குக் காலியாகும்

பதினொன்றாம் அறை காலியாகவில்லை.

ஆள் வந்துவிட்டார். ஒட்டன்சத்திரம் சடையப்பன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. வாசலில் நின்ற ஆட்டோவில் அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியில் நாளை மறுநாள் ஆபரேஷன்.

அவர் செல்போனைத் திருப்பிக் காட்டினார்.

'அறை எண் 11. கன்ஃபார்ம்.'

அதை அனுப்பியவர் மேனேஜர்தான். நேற்று மாலை ஆறு மணிக்கு.

லாட்ஜில் இருபத்து நான்கு அறைகள். என்றைக்கும் இருபத்தாறு பேருக்குக் கொடுப்பார். பூட்டிக் கிடக்கிற ரூம் புளித்த மாவு, நாளைக்கு விற்க முடியாது என்பது முதலாளி சொல்லிக்கொடுத்த பாடம்.

மற்ற இடங்களில் இதைக் குருட்டாம்போக்கில் செய்வார்கள். புக் செய்தவர்களில் இரண்டு பேர் வராமல் போவார்கள், அந்த நம்பிக்கை. ஆஸ்பத்திரி எதிரில் அது நடக்காது. இங்கே எல்லாரும் வருவார்கள்.

வந்தவர் எப்போது போவார் என்பதில்தான் கணக்கு.

வாழைக்காய் மண்டிக்காரர் தாரைப் பார்த்ததுமே பழுக்கும் நாளைச் சொல்லிவிடுவார். மேனேஜருக்கும் அப்படி ஒரு கண்.

ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்குக் கஞ்சி வைக்க வெந்நீர் கேட்பது நின்றுவிடும். பிறகு ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். வந்தவர்கள் அறைக்குள் உட்காரமாட்டார்கள். வராந்தாவில் நின்றபடியே மெதுவாகப் பேசுவார்கள்.

அதிகம் போனால் இரண்டு நாள். அறை காலி.

ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ள ஒரு கேள்வி வைத்திருந்தார். சாவி கொடுக்கும்போது கேட்பார்.

"இன்னைக்கு எப்படிம்மா இருக்காரு?"

பதினொன்றாம் அறை இசக்கியம்மாள், கோவில்பட்டிக்காரி, புருஷனை எதிர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தவள், மூன்று நாளாக அதற்கு வாய் திறக்கவில்லை. முந்தாநாள் வேன் வந்தது. நேற்று அறையை விற்றார்.

இப்போது அவள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரோட்டைக் கடந்து ஓடி வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி.

"அண்ணாச்சி, மூச்சுக் கொழாய எடுத்துட்டாக! தண்ணி கேட்டாக அண்ணாச்சி, அவுகளே வாயத் தொறந்து கேட்டாக. இன்னும் பத்து நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு."

பத்து நாள்.

மேனேஜருக்கு முதலில் வந்தது கோபம். சொன்ன தேதிக்குச் சரக்கு வராதபோது வருமே, அந்தக் கோபம்.

அடுத்த நொடி, வழக்கமான யோசனை. இருவரில் யாரைத் தள்ளுவது? அழுகின தக்காளி எப்போதும் பேரம் பேசாதவன் பையில்தான் விழும். சடையப்பனைப் பார்த்தார். சத்தம் போடுகிற முகமாகத் தெரியவில்லை.

இசக்கியம்மாள் பெட்டியைத் திறந்து நீட்டினாள். பால்கோவா.

"எங்க ஆளுகளே விட்டுட்டாக அண்ணாச்சி. எல்லாரும் இனி ஆக வேண்டியதப் பாருன்னாக. நீங்க ஒருத்தருதான் தெனமும், எப்படி இருக்காருன்னு அவுகளப் பத்திக் கேட்டீக. அந்த வாய் முகூர்த்தந்தான்."

அவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். வேறு வழியில்லை.

சடையப்பனுக்கும் நீட்டினாள். அவரும் எடுத்துக்கொண்டார். மென்று முடித்துவிட்டுக் கேட்டார்.

"சார், அப்ப எங்க ரூமு?"

கடைத்தெருவில் வளர்ந்த நாக்கு. கேட்டு வந்தவரை இல்லை என்று அனுப்பிப் பழக்கமில்லை.

"ஒரே ஒரு நாள் பொறுத்துக்குங்க. பக்கத்துச் சந்துல நம்ம ஆளு லாட்ஜ் இருக்கு, சொல்லிவிடுறேன். நாளைக்குப் பதினேழு காலியாயிரும். இதவிடப் பெரிய ரூமு. காத்து நல்லா வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது.

"பதினேழா?" என்றாள் இசக்கியம்மாள். "சாத்தூர் அக்கா ரூமுல்ல அது? அவுக எங்க போறாக? இன்னும் ரெண்டு வாரம் இருக்கணும்னாகளே. நேத்துதான் ஊர்லருந்து சனமெல்லாம் வேன்ல..."

நிறுத்தினாள்.

சடையப்பன் கையில் செல்போன் இன்னும் திருப்பியபடியே இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். பதினொன்று. கன்ஃபார்ம். நேற்றைய தேதி.

"எங்களுக்கு முந்தாநாள் வந்தாக," என்றாள்.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பெட்டியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு, சாவியை வாங்காமலே படியேறினாள்.

மேலே பதினேழாம் அறைக் கதவு தட்டப்படும் சத்தம்.

மேனேஜர் நோட்டைப் புரட்டினார். எதையும் தேடவில்லை.

சடையப்பன் படிக்கட்டைப் பார்த்தார். பிறகு ஆட்டோவைப் பார்த்தார். மனைவி நிமிர்ந்து உட்காரப் பார்த்து, முடியாமல் மறுபடி சாய்ந்தாள்.

அவர் மேசைமேல் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும், சார்?"