சிந்தசைசரில் தம்பி குரல்

சிம்மக்கல் மாடி அறையில் மத்தியான வெயில் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவி மேல் எரிகிறது. கச்சேரிக் குழுவில் அதை வாசிக்கும் கருத்தக்கண்ணன் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே குமிழைத் திருகுகிறான். வெறும் ரீங்காரம் மெல்ல வாய் திறந்து "அ... ண்... ணே" என்று இழுபடுகிறது. போன மாதம் பரவைச் சந்தையில் இவன் கண்ணெதிரே வெட்டுப்பட்டு விழுந்த தம்பி சிவனாண்டி, கடைசியாக அப்படித்தான் கத்தினான். கருத்தக்கண்ணன் இன்னொரு குமிழை முழுக்கத் திருக, கருவி தொண்டை கிழிய அலறுகிறது. "அண்ணே!" கீழேயிருந்து ஆத்தா அன்னக்கொடி படியேறி ஓடி வருகிறாள். "செத்தவன எத்தன தடவடா வெட்டுவ?" மைக் ஸ்டாண்டைத் தூக்கிக் கருவியின் மேல் ஓங்குகிறாள். அவன் குறுக்கே கையை வைக்கிறான். ஸ்டாண்டின் இரும்பு அவன் விரல்களில் இறங்குகிறது. வெள்ளைக் கட்டைகளில் ரத்தம் தெறிக்கிறது. நசுங்கிய விரல்களை எடுக்காமலே அவன் கெஞ்சுகிறான். "அடிக்காத ஆத்தா. இப்பத்தான் வாயத் தெறக்குறான்."