இரண்டாவது சங்குக்குப் பிறகு

"யாருய்யா உனக்கு லைசன்ஸ் கொடுத்தது?"

வெங்கடேஷ் போட்ட சத்தத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரரே ஓரடி பின்வாங்கினார்.

கேள்வி, வெடி வைக்கும் அக்பர் பாஷாவுக்கு. அடையாறின் அந்தக் குறுக்குத் தெருவில் நாலு மாடிக்கு அனுமதி வாங்கிப் பத்து மாடி எழுப்பிய கட்டடத்தை, கோர்ட் உத்தரவுப்படி தகர்க்கும் நாள் அது. கட்டியவரும், கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களும் எங்கேயோ ஏ.சி.யில் நிம்மதியாக இருக்க, திட்டு வாங்க அகப்பட்டவர் பாஷா ஒருவர்தான்.

அக்கம்பக்கத்து வீடுகளைக் காலையிலேயே காலி செய்தாகிவிட்டது. ஜனங்கள் கல்யாண மண்டபத்தில் வேர்த்துக் கிடந்தார்கள். மூன்று சங்கு ஊதும், மூன்றாவது ஊதியதும் வெடி என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு ஊதியாகிவிட்டது. டி.வி. காமிராக்கள் தயார். அந்த நேரம் பார்த்துப் பாஷா, வெடிப் பெட்டி வைத்திருந்த பள்ளிக்கூட மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து, "வயர்ல கொஞ்சம் டவுட்டா கீது சார்" என்றால் கோபம் வராதா?

"காலையிலேர்ந்து என்னய்யா பண்ணிட்டிருந்தே? குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செகரட்டரி. அத்தனை பேருக்கும் நான் பதில் சொல்லணும், நீயா சொல்லுவே?"

"ஒரு தபா பாத்துட்டு வந்துர்றேன் சார்."

"பாய், வேற யாரையாவது அனுப்புங்க" என்றார் எஞ்சினியர் ஸ்ரீநாத். அவர் முகமும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"நான் கட்டுன வயரு சார். நான்தான் போணும்."

"அப்ப வெடிப் பெட்டிச் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க."

பாஷா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் உள்ள இருக்கசொல்ல சாவி என்கிட்டதான் இருக்கும் சார். இல்லாட்டி எவனாவது திருப்பிட்டான்னா, கட்டடத்தோட நானும் போயிருவேன்."

"போகட்டுமே" என்று வெங்கடேஷ் பல்லைக் கடித்தார். கொஞ்சம் உரக்கவே கடித்துவிட்டார்.

பாஷா திரும்பிப் பார்த்தார். பிறகு ஆளில்லாத தெருவுக்குள் வேகமாக நடந்தார்.

போனவர் லேசில் வரவில்லை. வெயில் ஏறியது. மண்டபத்திலிருந்து போனுக்கு மேல் போன். சும்மா நின்ற காமிராக்களுக்கு வெங்கடேஷ் தீனி போட்டார்.

"மனுஷ உயிர்னா இவங்களுக்கு விளையாட்டா இருக்கு. பொறுப்பில்லாத ஆள் கையில வெடிமருந்தைக் கொடுத்திருக்காங்க. சும்மா விட மாட்டோம்!"

நன்றாகப் பேசினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

ஒரு வழியாகப் பாஷா திரும்பினார். சட்டை தோள்பட்டையில் கிழிந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"என்ன, வயரைத்தான் பார்த்தியா, இல்ல பிரியாணி ஒரு கை பார்த்துட்டு வந்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாஷாவின் கை ஒரு கணம் இறுகிப் பிரிந்தது.

"சாரி சார். தப்பு என் மேலதான்" என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

மூன்றாவது சங்கு ஊதியது. பத்து மாடியும் ஒரு சலாம் போட்டு, இருந்த இடத்திலேயே சுருண்டு உட்கார்ந்தது. புழுதி அடங்கியபோது, பக்கத்து வீடுகளில் உடைந்த ஜன்னல் கண்ணாடி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

"வேலை சுத்தமா முடிஞ்சிடுச்சு சார்" என்று ஸ்ரீநாத் கை நீட்டினார்.

வெங்கடேஷ் அந்தக் கையைப் பார்க்கவேயில்லை. "அந்த ஆளை நீங்க அனுப்பறீங்களா, இல்ல நான் கமிஷனர் வரைக்கும் போகட்டுமா?"

ஸ்ரீநாத் பெருமூச்சு விட்டார். "பாய், நீங்க நாளையிலேர்ந்து வர வேணாம்."

பாஷா சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

வெங்கடேஷுக்கு அப்போதுதான் கொஞ்சம் ஆறியது.

போலீஸ் தடுப்பை எடுத்ததும் அவர் மனைவி ஜெயஸ்ரீ மண்டபத்திலிருந்து ஓட்டமாக வந்தாள். அவருக்கு முன்னால் தங்கள் முதல் மாடி வீட்டுக்கு ஏறி, பூட்டைத் திறந்து, நேரே பாத்ரூமுக்குப் போனாள். தரை முழுக்க வென்டிலேட்டர் கண்ணாடி, கத்தி கத்தியாக.

"ஐயோ... புஷ்பத்தைக் காணோமே!"

"வேலைக்காரம்மாவா? அவ எதுக்கு இங்க வரா?"

"நான்தான் உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்தேன். தெருவே காலி, பீரோவுல அத்தனை நகை, எவனாவது புகுந்தா? போலீஸ் கதவைத் தட்டினா மூச்சு விடாதே, பாத்ரூம்லயே உக்காருன்னு சொன்னேன்..."

வாசலில் நிழல் தட்டியது. புஷ்பம். தலையெல்லாம் புழுதி.

"மன்னிச்சுக்கம்மா. ரெண்டாவது சங்கு ஊதசொல்ல ஒரே பயமாப் போச்சு. பால்கனிக்கு வந்து துண்டை ஆட்டிட்டேன். பள்ளிக்கூடத்து மாடில நின்ன பாய் பார்த்துட்டாரு. யாருக்கும் சொல்லாதீங்கன்னு வாய் மேல விரலை வச்சுக் காட்டினேன். ஏணி கொண்ணாந்து போட்டு எறக்கி, பின்னாடி சந்து வழியா அனுப்சு வுட்டாரு. இறக்கசொல்ல கம்பி மாட்டி அவரு சட்டை வேற கிழிஞ்சிட்ச்சு. யாரு பூட்டினதுன்னு அவருக்கு வந்த கோவத்தைப் பாக்கணும் நீங்க!"

"சொல்லிட்டியா?" என்றாள் ஜெயஸ்ரீ.

"இல்லம்மா. வெளிய தெரிஞ்சா திருட வந்தவன்னு சொல்லிருவாங்க, என் பொழப்பே போயிரும்னு கால்ல வுழுந்தேன். 'சரி போம்மா, வயருன்னுதான் சொல்லிட்டு வந்தேன், அதும் மேலயே பழி இருக்கட்டும்'னாரு. நல்ல மனுசன் சார். அவருக்கு ஒரு போன் போட்டு, ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

வெங்கடேஷின் கையில் போன் இருந்தது. ஸ்ரீநாத்தின் நம்பரும் அதில் இருந்தது.

போனைப் பையில் போட்டுக்கொண்டு, வாசல் கதவை மெல்லச் சாத்தித் தாழிட்டார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

"நீ ஏணியில இறங்கினதை வேற யாராவது பார்த்தாங்களா?"