பக்கத்துச் சோம்பேறி

செப்டம்பர் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. க்ளைவ் டை கட்டிக்கொண்டு, ஆளுயர முள்புதருக்கு முன்னால் நின்றிருந்தான். உள்ளங்கையில் ஒரு நத்தை.

"பாருங்க. என் முட்டைக்கோஸ்ல இருந்து எடுத்தது. இந்தக் காட்டுலேருந்துதான் வருது. இந்த ஆளை இன்னைக்கே துரத்தணும்."

தோட்டச் சங்கத்தார் சேற்றுக் காலணிகளோடு சுற்றி நின்றார்கள். நகராட்சி வாடகைக்கு விட்ட காய்கறி நிலங்களை அவர்கள் ஆண்டுக்கொருமுறை பார்வையிடும் நாள் அது. மண்ணைத் தொடாதவனின் நிலம் பறிபோகும். வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போகும்.

செயலாளர் பெரில் தயங்கினாள். கோடையில்தான் பொறுப்புக்கு வந்தவள். நிலங்களின் எண்கள் தெரியும், எது யாருடையது என்று தெரியாது.

"அவருக்கு என்ன கஷ்டமோ. ஒரு வாய்ப்பு குடுத்துப் பாக்கலாமே, க்ளைவ்."

"கஷ்டமாவது! சோம்பேறித்தனம். நான் ஏழு வருஷம் காத்திருந்து வாங்கினவன்ங்க. இவனுக்கு நிலத்தோட அருமை தெரியுமா?"

க்ளைவுக்குத் தெரியும். பதினாலாம் எண் நிலம் அவனுக்கு என்று தகவல் வந்த அன்றே, பிப்ரவரி மழையில் ஓடிவந்தான். எண் பலகைகள் எப்போதோ மக்கிப்போயிருந்தன. வாயிலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்து, பதினாலாவது நிலத்தில் மண்வெட்டியை ஊன்றினான்.

அங்கே மொட்டை ஆப்பிள் மரத்தடியில் குடையும் மடக்கு நாற்காலியுமாக ஐவி உட்கார்ந்திருந்தாள். எண்பது வயது, தீராத இடுப்பு வலி.

"தோண்டப் போறியா, கண்ணு?"

"ஆமாம்மா."

"தோண்டு, தோண்டு." பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். கொட்டகைச் சாவியையும் கொடுத்தாள். முன்பு இருந்தவர்கள் அவளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள் போலும் என்று க்ளைவ் நினைத்துக்கொண்டான்.

மார்ச்சில் வெங்காயம் நட்டான். ஏப்ரலில் உருளைக்கிழங்கு. மே மாதத்தின் கடைசிப் பனி போனபின் பீன்ஸ் கொடிக்குக் கம்பு கட்டினான். ஆகஸ்டில் சீமைச் சுரைக்காய் காய்த்துத் தள்ளியது. தெருவில் காயோடு அவன் தலை தெரிந்தால் கதவைச் சாத்தினார்கள்.

ஐவி மட்டும் சனிக்கிழமைதோறும் கூடையோடு வந்து, வேண்டியதைப் பறித்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் கேரட் போடு, கண்ணு. முட்டைக்கோஸ் எனக்கு ஒத்துக்கல."

போடுகிறேன் என்றான். வயதானவள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

வழியில் போகிறவர்கள் அவன் முதுகைத் தட்டினார்கள். "ஐவிக்கு நீ செய்யறதை யாரும் செய்ய மாட்டாங்கப்பா." ஒரு கூடைக் காய்க்கு இத்தனை பாராட்டா என்று அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

பக்கத்து முள்காடு ஒன்றுதான் கண்ணை உறுத்தியது. அதில் பழுத்த கருமுள்ளிப் பழங்களைப் பறித்து வந்து வீட்டில் ஜாம் கிண்டினான். "அவனுக்கு அபராதம்," என்றான் மனைவியிடம்.

இப்போது அவன் நத்தையை முள்ளுக்குள் வீசிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "தீர்மானம் நானே கொண்டு வர்றேன். இந்த நிலத்தைப் பறிக்கணும். ஒத்துக்கறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஐவியின் கைகள் மட்டும் மடியிலேயே இருந்தன.

"என்ன ஐவிம்மா?"

"வேண்டாம் கண்ணு, விட்டுடு. முள்ளு உங்கிட்ட சோறா கேக்குது?"

"உங்களுக்கு மனசு ரொம்ப இளகினது. இவன் வளக்கற நத்தைதான் உங்க பீன்ஸையும் திங்குது, தெரியுமா?"

"என் பீன்ஸ்," என்றாள் ஐவி யோசனையாக. "அதுவும் சரிதான்." ஆனாலும் கையைத் தூக்கவில்லை.

"நாளைக்கு அந்த ஆளு வந்து அழுதா?" என்று பெரில் கேட்டாள்.

"வரிசையில கடைசியில போய் நிக்கட்டும். யாரா இருந்தாலும் சரி."

"யாரா இருந்தாலும்," என்று கூட்டம் ஆமோதித்தது. ஒருவர் கை தட்டினார். க்ளைவ் டையைச் சரிசெய்துகொண்டான்.

தீர்மானம் நிறைவேறியது. பறித்த நிலத்தில் எண் எழுதிய முளை அடிக்க வேண்டும். பெரில் முளையும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வாயிலுக்குப் போய், அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள்.

"பத்து... பதினொண்ணு... பன்னிரண்டு..." முள்புதருக்கு முன்னால் வந்து நின்றாள். "பதினாலு." முளையில் எழுதி, ஓங்கி அடித்தாள்.

க்ளைவ் சிரித்தான். "பதிமூணை விட்டுட்டீங்க, பெரில்."

"பதிமூணா? இங்க அந்த நம்பரே கிடையாதே. ராசியில்லாத நம்பரை யாரு துணிஞ்சு வாங்குவா?"

க்ளைவ் முளையைப் பார்த்தான். முள்ளைப் பார்த்தான். பிப்ரவரியில் அவன் எண்ணியபோது பதிமூன்றையும் சேர்த்தே எண்ணியிருந்தான்.

ஐவி பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினாள்.

"இதுக்குத்தான் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இனிமே என் உருளைக்கிழங்கை யாரு தோண்டுவா?"