பதினேழாம் அத்தியாயம்

முத்தரசு பாலைக் காய்ச்சி, பழக்கத்தில் இரண்டு டம்ளரில் ஆற்றி வைத்துவிட்டு, கைபேசியில் தன் பழைய கதையைத் திறக்கிறான். டிவி தொடர் ஒன்றின் கதாநாயகியை வைத்து, கல்யாணத்துக்கு முன்பு ரசிகர் தளத்தில் அவன் எழுதியது. பதினேழாம் அத்தியாயத்தில் அவளைச் சாகடித்திருந்தான்: ஈரத்தலையில் மஞ்சள் துண்டு, கையில் பாதி உரித்த பூண்டு. போன மாதம் அவன் மனைவி பாண்டீஸ்வரி அடுப்படியில் அப்படியேதான் செத்துக் கிடந்தாள். கதாநாயகியைப் பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று இப்போது ஒவ்வொரு வரியாக அழிக்கிறான். துண்டு போகிறது. பூண்டை அழித்ததும் அடுப்படியிலிருந்து பூண்டு வாசம் வருகிறது. சாகும்முன் கதாநாயகி ஒரு பக்கத்துக்கு அழகாகப் பேசுகிறாள், அதையும் அழிக்கிறான். அன்று பாண்டீஸ்வரி கூப்பிட்டபோது இவன் எழுதிக்கொண்டிருந்தான், எழுந்து போகவில்லை. இப்போது அடுப்படியிலிருந்து அதே குரல் அன்று போலவே கூப்பிடுகிறது: "எழுத்தாளரே, எழுதுனது போதும். கொஞ்சம் இங்குட்டு வாரீகளா? எனக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருக்கு."