ஒற்றை ஆள் மறியல்

“கைது பண்ணுய்யா! தைரியம் இருந்தா என்னைக் கைது பண்ணு!”

பெட்ரோல் பங்க் வாசலில், நட்டநடு ரோட்டில், ஒரு பெரியவர் மல்லாந்து கிடந்து கத்திக்கொண்டிருந்தார். புத்தம்புது வெள்ளைச் சட்டை. அதை அழுக்காக்க மனசு வராமல் அடியில் ஒரு துண்டை விரித்திருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று ஹார்ன் அடித்துக் காதைப் பிளந்துகொண்டிருந்தன.

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். முந்தாநாள்தான் மாற்றலாகி வந்து பொறுப்பேற்றிருந்தார். பெண்டாட்டி பிள்ளை ஒரு ஊரில், தான் ஒரு ஊரில் என்று வருஷக்கணக்கில் அல்லாடியவர். கண்டவர் காலிலெல்லாம் விழுந்து இந்த மாற்றலை வாங்கியிருந்தார். மகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. வந்ததும் வராததுமாக இப்படி ஒரு தலைவலியா!

“யாருய்யா இந்த ஆளு?” என்றார் ஏட்டிடம்.

“நம்ம தார்ரோடு அண்ணன் சார். பெட்ரோல் விலை ஏறினா இங்க வந்து படுத்துக்குவாரு. பதினஞ்சு வருஷமா இதான் பொழப்பு. பழைய ஆட்சியில நானே எத்தனை தடவை அள்ளிக்கிட்டுப் போய் வேன்ல போட்டிருக்கேன்!”

“அப்ப இப்பவும் அள்ளிப் போடு. எதுக்கு வேடிக்கை பார்க்கிறே?”

ஏட்டு தலையைச் சொறிந்தார். “அதுலதான் சார் சிக்கல். போன வாரம் இவரோட கட்சிதானே ஜெயிச்சிருச்சு!”

“ஆளுங்கட்சியா? பின்ன எதுக்குய்யா படுத்திருக்காரு?”

“யார் யாருக்கு என்ன பதவின்னு இன்னிக்குக் காலையிலதான் சொன்னாங்களாம். அண்ணனுக்கு ஒண்ணும் தேறல போல. வழக்கமா அம்பது பேரோட வருவாரு. இன்னிக்குப் பாருங்க, ஒத்தையா வந்து கிடக்காரு, பாவம்.”

இன்ஸ்பெக்டருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. ஆளுங்கட்சிக்காரர் மேல் கைவைத்தால் சாயங்காலமே தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். கைவைக்காமல் விட்டால், ரோடு அடைத்துக்கொண்டதற்காக அதே தண்ணியில்லாக் காடு. மேலதிகாரிக்குப் போன் போட்டார். “ரோடும் காலியாகணும், அவர் மேல விரலும் படக்கூடாது. பார்த்துச் செய்யுங்க,” என்று சொல்லி மகராசன் போனை வைத்துவிட்டார்.

இதற்குள் வண்டிக்காரர்கள் இறங்கி வந்து அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஹார்ன் அடித்த கைகளே இப்போது கும்பிட்டன. “எங்களுக்காக நீங்க ஒருத்தராவது படுத்தீங்களே ஐயா, நல்லாயிருப்பீங்க,” என்று ஸ்கூட்டரில் வந்த டீச்சரம்மா கண் கலங்கினார்.

“வரியைக் குறைக்கச் சொல்லுங்கண்ணே!” என்று ஒரு டாக்சிக்காரர் குரல் கொடுத்தார்.

கிடந்தவர் சடாரென்று தலையைத் தூக்கினார். “வரியைக் குறைச்சா சம்பளம் எங்கேருந்து குடுக்கிறது? உங்க வீட்டுலேருந்தா?”

டாக்சிக்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

“சரிங்க, பஸ்ஸாவது நிறைய விடச் சொல்லுங்களேன்,” என்றார் டீச்சரம்மா.

“பஸ் என்னம்மா மரத்துலயா காய்க்குது?” என்று எரிந்துவிழுந்த அண்ணன், மறுபடி மல்லாந்து, “அரசே, விலையைக் குறை!” என்று கோஷம் போட்டார்.

வெயிலில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஐயா, நான் புள்ளகுட்டிக்காரன். உங்க கால்ல வேணா விழறேன். எழுந்து ஓரமா வந்து கத்துங்கய்யா. தண்ணி, நிழல், மைக் எல்லாம் ஏற்பாடு பண்றேன்.”

“ஓரமா வந்து கத்தினா கைது பண்ணுவியா?”

“ஐயையோ, உங்களையா? கனவுல கூட பண்ண மாட்டேன்!”

“அப்ப நான் எழுந்திருக்க மாட்டேன். என்னய்யா போலீஸ் நீ? முன்னாடி இருந்தவனுங்க எல்லாம் நான் துண்டை விரிக்கிறதுக்குள்ள தூக்கிட்டுப் போவானுங்க. நீ என்னடான்னா குழந்தையைக் கொஞ்சற மாதிரி கொஞ்சிக்கிட்டு இருக்கே!”

அண்ணனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவரின் முகம் வெளிறியது. அவசர அவசரமாக அதை அணைத்துத் துண்டுக்கு அடியில் தள்ளினார்.

இன்ஸ்பெக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. மகளுக்கு வாங்கிய புதுச் சீருடை கண்ணில் ஆடியது. கடைசியாக ஒரு வழி தோன்றியது. பதவி கிடைக்காத கோபம்தானே, பதவி கிடைத்தவரையே கூட்டிவந்து சமாதானம் பேச வைத்தால் என்ன?

“ஐயா, உங்க கோபம் நியாயந்தான். பெட்ரோலுக்குப் புதுசா யாரோ மந்திரி வந்திருக்காராமே, அவரையே இங்க வரவழைக்கிறேன். விலையைக் குறைக்க அரசாங்கம் என்ன பண்ணப்போகுதுன்னு இத்தனை ஜனங்க முன்னாடி அவரே நின்னு பதில் சொல்லட்டும். போதுமா?”

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் காலரைப் பிடித்துக் கீழே இழுத்து, காதோடு காதாகக் கெஞ்சினார்:

“அந்த மந்திரியே நான்தான்யா... சட்டசபையில விலையைப் பத்திக் கேள்வி கேக்கறதுக்குள்ள என்னைத் தூக்கி உள்ள போடுய்யா!”