சீட்டுக்கடியில் ஒரு டெப்

பிக்கப் மறுபடியும் ஒருமுறை உறுமிவிட்டு நின்றுபோகிறது. கலேவெலக் கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள வளவில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பின்பெட்டியில் கறிமிளகாய் மூட்டைகள் வாடத் தொடங்கிவிட்டன. முத்தலிப் என்ஜினைப் பார்க்கவில்லை. அதற்குள் தலையை விட்டிருக்கும் ஸுஹைலின் கைகளையே பார்க்கிறார். மனைவி ஹவ்வாவின் தம்பி அவன். ஃபில்டருக்கு மேலிருக்கும் கைப்பம்பை அந்த விரல்கள் அமுக்குகின்றன. அமுங்கிய பம்பு திரும்ப எழும்பவில்லை, ஒரு சொட்டு டீசலும் வரவில்லை. டீசல் முள்ளோ அரை டாங்கி காட்டுகிறது. கூப்பிடாமலே விடியற்காலையில் மூட்டை ஏற்ற வந்தவன் ஸுஹைல். அவனுடைய லொறி தம்புள்ளைச் சந்தைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறுமையாக நிற்கிறது.

“சரக்க என் லொறியில மாத்துவமா, மச்சான்?”

“வேணாம். நீ எத கழட்டின?”

“நான் ஒண்ணையும் கழட்டலீங்க.” ஸுஹைல் நிமிராமலே கேட்கிறான்: “சீட்டுக்கடியில இருக்கிற டெப்ப தெறந்தீங்களா?”

முத்தலிப்புக்குக் காது சுடுகிறது. டீசலுக்கு வரிசையில் கிடந்த வருடம், திருடருக்குப் பயந்து எண்ணெய்க் குழாயில் அவரே இரகசியமாகப் பொருத்திய டெப் அது; திருகி மூடினால் என்ஜினுக்கு எண்ணெய் போகாது. ஹவ்வாவுக்குக்கூடச் சொன்னதில்லை. இரவில் மூடுவார், காலையில் யாரும் பார்க்காத நேரம் திறப்பார். இன்று ஸுஹைல் கதவடியை விட்டு நகரவேயில்லை; திறப்பது மறந்தே போயிற்று.

ஏறிக் குனிந்து டெப்பைத் திறக்கிறார். ஸுஹைல் பம்பை அடிக்கிறான், அவர் சாவியைத் திருக என்ஜின் பிடிக்கிறது, கரும்புகை வளவை மூடுகிறது. புகைக்குள் அவன் சிரிப்பது தெரிகிறது. முத்தலிப் இறங்கிப் போய், டாங்கி மூடியைத் திருகி, நீளமான ஈர்க்கொன்றை உள்ளே விட்டு, டீசல் குறைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கிறார்.